பண்டல் அவிழும் இடத்தில் தொடங்குங்கள்

கேள்வி: ஆம்பூரில் அப்பா தொடங்கிய ஷூ கம்பெனியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 180 பேர் வேலை செய்கிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் ஜோடி ஐரோப்பாவுக்குப் போகிறது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடியில் உள்ள நான்கு டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) தோல் வாங்குகிறோம். பெரும்பாலும் ஆட்டுத் தோல், லைனிங்குக்குக் கொஞ்சம் பசுத் தோல். அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தையலில் பாதி சுற்று கிராமங்களில் ஜாப் ஒர்க்காக நடக்கிறது. ஒரு ஜோடிக்கு எவ்வளவு கார்பன், எந்த லாட் (ஒரே தொகுப்பாக வந்த) தோல் எந்தக் கார்ட்டனில் போனது என்று ஆறு மாதத்துக்குள் கணக்குத் தரச் சொல்கிறார் பையர். ஒரு மென்பொருள் நிறுவனம் தையல் மெஷினுக்கு ஒன்றாக 40 சென்சார், பிளாக்செயின், கிளவுட் டாஷ்போர்டு எல்லாம் சேர்த்து 18 லட்சம் ரூபாய் கேட்கிறது. வாங்கலாமா? இல்லாவிட்டால் கார்பன் வரி போட்டு ஆர்டரே நின்றுவிடும் என்கிறார்கள். டேனரிகளின் பெயரைப் பையருக்குக் காட்டவும் தயக்கமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

— ஆம்பூர் வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். கிளவுட் உங்களுக்கு வேண்டியதுதான். நான்கு டேனரி, ஒரு ஷூ கம்பெனி, இருபது முப்பது தையல் வீடு, ஒரு பையர் என்று ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் வேலைக்குப் பொதுவான பேரேடு ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பேரேட்டில் என்ன எழுதுவது என்பதை முடிவு செய்யாமல் பேரேட்டை வாங்கினால், ஆறு மாதம் கழித்து அழகான திரையில் தவறான எண்தான் தெரியும்.

முதலில் கார்பன் வரி பயத்தைத் தீர்த்துவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்கானது. தோலும் ஷூவும் அதில் இல்லை. அடுத்து, காடழிப்பு தொடர்பான ஒழுங்குவிதி. அதன் அமலாக்கம் ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. 2023இல் வந்த அதன் பட்டியலில் பசுவின் பச்சைத் தோலும் பதனிட்ட தோலும் இருந்தன, ஆட்டுத் தோல் இல்லை, ஷூவாகத் தைத்து முடித்த சரக்கும் இல்லை. எனவே உங்களை நேரடியாகக் கட்டுவது பையரோடு போட்ட ஒப்பந்தம்தான். அதை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் கேட்பது எந்த ஆண்டுக் கணக்கு, எந்த மாடலுக்கு, உங்கள் வாசல் வரையா துறைமுகம் வரையா அவருடைய கிடங்கு வரையா என்று மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். அந்தப் பதிலில் வேலை பாதியாகக் குறையலாம். சட்டமாகவே கட்டுவது ஒன்று உண்டு: உடலில் படும் தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2015 மே முதல் இது நடப்பில் இருக்கிறது. இந்தப் பரிசோதனை அறிக்கை லாட் எண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். இப்போது எல்லாரிடமும் அது தனி ஃபைலில் தூங்குகிறது.

இனி, ஒரு ஜோடியில் கார்பன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். டப்பாவோடு ஒரு ஜோடி 1.2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரிலிருந்து சென்னை துறைமுகம் சுமார் 190 கி.மீ. நிறைந்த லாரிக்கு ஒரு டன்னை ஒரு கி.மீ. கொண்டுபோக 0.1 கிலோ என்று போட்டால் ஜோடிக்கு 23 கிராம் கார்பன் டை ஆக்சைடு. சென்னையிலிருந்து சூயஸ் வழியாக ராட்டர்டாம் சுமார் 14,500 கி.மீ. கன்டெய்னர் கப்பலுக்கு டன்-கிலோமீட்டருக்கு 16 கிராம் என்றால் ஜோடிக்கு ஏறக்குறைய 280 கிராம். அதே ஜோடி விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட் போனால் தூரம் பாதிதான், சுமார் 7,600 கி.மீ. ஆனால் டன்-கிலோமீட்டருக்கு 0.6 கிலோ என்று குறைவாகப் போட்டாலும் ஜோடிக்கு ஐந்தரைக் கிலோ வருகிறது. கப்பலைப் போல இருபது மடங்கு.

இதை உங்கள் 2 லட்சம் ஜோடிக்குப் போட்டுப் பாருங்கள். 1,90,000 ஜோடி கப்பலில் போனால் 53 டன். தேதி தவறி 10,000 ஜோடி மட்டும் விமானம் ஏறினால் 55 டன். நூற்றில் ஐந்து ஜோடி மற்ற தொண்ணூற்றைந்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. ஆயிரம் ஜோடியை விமானத்திலிருந்து கப்பலுக்கு மாற்றினால் மிச்சமாகும் கார்பன், கம்பெனியில் 7,000 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்குச் சமம். ஒரு தையல் மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதைவிட, சரக்கு ஏன் தேதி தவறுகிறது என்பதுதான் பெரிய சுற்றுச்சூழல் கேள்வி. கிளவுடை முதலில் இந்த வேலைக்குப் பிடியுங்கள்.

எப்படி என்றால், கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கன்டெய்னர் துறைமுக வாசலுக்குள் போக இரண்டு நாள், லோடிங்குக்கு ஒன்று, லாஸ்டிங் (அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்துவது) முதல் பேக்கிங் வரை நான்கு, கிராமத்துக்குப் போய்த் திரும்புவதையும் சேர்த்து தையலுக்கு ஒன்பது, கட்டிங்குக்கு மூன்று, தோல் செக்கிங்குக்கு இரண்டு. மொத்தம் 21 நாள். நான்கு நாள் கையிருப்பு வைத்தால், கப்பலுக்கு 25 நாள் முன்னால் தோல் உங்கள் ஸ்டோருக்கு வந்து ஷேடு (நிறம்) ஒப்புதலும் ஆகியிருக்க வேண்டும். இந்த நாள்களை உங்கள் கம்பெனி நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆறே ஆறு நேரங்களைப் பதியுங்கள்: தோல் உள்ளே வந்தது, ஷேடு ஓகே ஆனது, கட்டிங் தொடங்கியது, அப்பர் முடிந்தது, லாஸ்டிங் முடிந்தது, கார்ட்டன் மூடியது. கப்பலுக்கு 25 நாள் முன் என்ற கெடு தாண்டியும் இரண்டாவது நேரம் விழாத ஆர்டர்களைத் தினமும் காலை ஏழு மணிக்கு உங்கள் போனுக்கும் டேனரி மேலாளர் போனுக்கும் ஒரே குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் போவதுதான் முக்கியம். தோல் தாமதம் என்று ஷூ கம்பெனியும், ஷேடு கார்டு (நிற மாதிரித் துண்டு) தாமதம் என்று டேனரியும் ஒருவரையொருவர் கை காட்டும்போது தேதி நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஷேடு கார்டு ஆறு மாதம் பழசாகி நிறம் மங்கியிருந்தால் நல்ல தோலும் திரும்பிப் போகும். கார்டில் தேதி எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வெட்டுங்கள்.

அப்படியும் தாமதமானால் முழு ஆர்டரையும் விமானத்தில் ஏற்றாதீர்கள். கடைகளில் முதலில் தீரும் சைஸ் எவை என்று பையரிடம் கேட்டு, அவற்றை மட்டும் பிரித்து அனுப்பலாம். கப்பல் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் தூரம் பல ஆயிரம் கி.மீ. கூடும். எனவே வழக்கமான தூரத்தைப் போடாமல், அந்தப் பயணத்தின் உண்மையான வழியைப் பதிய வேண்டும். டப்பாவையும் ஒருமுறை அளந்து பாருங்கள். 12 செ.மீ. உயர டப்பாவை 11 ஆக்க முடிந்தால் அதே கன்டெய்னரில் நூற்றுக்கு ஒன்பது ஜோடி கூடுதலாகப் போகும்.

இப்போது லாட் விஷயம். பின்தடம் காண்பது (சரக்கிலிருந்து அதன் தோல் லாட்டுக்குத் திரும்பிப் போவது) எங்கே அறுந்துபோகிறது என்று தெரிய வேண்டுமானால் கட்டிங் டேபிள் அருகில் அரை மணி நேரம் நில்லுங்கள். ஐம்பது ஆட்டுத் தோல், சணல் கயிறு, அட்டை டேக். கட்டர் கயிற்றை அறுக்கிறார், டேக் தரையில் விழுகிறது. நாற்பத்து நான்கு தோலில் ஆர்டர் முடிந்துவிடுகிறது. மிச்சம் ஆறையும் நேற்றைய மிச்சத்தோடு ரேக்கில் செருகுகிறார். லாட் செத்த இடம் அதுதான். இதற்குப் பிறகு எந்த மென்பொருள் வந்தாலும் அந்த ஆறு தோல் எந்த டேனரியுடையது என்று சொல்ல முடியாது. பிளாக்செயினாலும் முடியாது. தவறாக எழுதியதை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி வைக்கும் வேலையைத்தான் அது செய்யும்.

மருந்து எளிது. ஒவ்வொரு டேபிளுக்கு மேலும் ஒரு கொக்கி. பண்டல் அவிழ்ந்ததும் டேக் கொக்கியில் தொங்க வேண்டும், பண்டல் முடிந்த பிறகே இறங்க வேண்டும். மிச்சத் தோலை ரேக்கில் வைக்குமுன் அதே எண்ணுக்கு ஒரு குட்டி டேக் அடிக்க வேண்டும். இரண்டு லாட் கலந்தே தீரும் என்றால் கலக்கட்டும். ஆனால் அந்தக் கலவைக்குப் புது எண் கொடுத்து, தாய் லாட்டுகள் இன்னின்னவை, இத்தனை சதுர அடி என்று எழுதிவிடுங்கள். கலந்ததைக் கலந்தது என்று பதிவது நேர்மையான பின்தடம்தான். கலக்கவே இல்லை என்று காட்டுவதுதான் ஆடிட்டில் மாட்டும். ஒரு பண்டல் 250 சதுர அடி, ஜோடிக்கு வேஸ்ட்டோடு 2 சதுர அடி என்றால் 125 ஜோடி வரும். 140 ஜோடி வந்ததாகத் திரை காட்டினால் வேறு லாட் உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு சரிபார்ப்பைக் கட்டாயமாக வைக்கச் சொல்லுங்கள்.

டேக்கில் க்யூஆர் போடுங்கள், அதற்குள் எண் மட்டும் இருக்கட்டும். விவரமெல்லாம் கிளவுடில் இருந்தால் போதும். வெயில் பட்டால் கறுத்துப்போகிற, பசைச் சொல்யூஷனில் மங்கிப்போகிற சாதா தெர்மல் லேபிள் வேண்டாம். ரெசின் ரிப்பனில் அச்சடித்த பாலியெஸ்டர் லேபிள் தாங்கும். தோலின் மேல்முகத்தில் பசை லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள், எடுக்கும்போது ஃபினிஷ் பிய்த்துக்கொண்டு வரும். டேனரியின் ஈர வேலைகளில் காகிதத்துக்கு இடமே இல்லை. அங்கே தோலின் ஓரத்தில் துளைக்குறி குத்துவது பழைய முறை, இன்றும் அதுதான் நிற்கிறது. மேலே எழுதியது ஷேவிங்கில் போய்விடும், துளை போகாது.

பதிவின் வடிவத்துக்கு இபிசிஐஎஸ் என்ற உலகத் தரத்தைக் கேளுங்கள். பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பினுடையது, 2022இல் இரண்டாம் பதிப்பு வந்தது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் எது, எப்போது, எங்கே, எதற்காக, எப்படி என்ற ஐந்து கேள்விக்கு விடை பதியச் சொல்கிறது, அவ்வளவுதான். தோல் ஷூவாக மாறுவதற்கு உருமாற்ற நிகழ்வு, கார்ட்டனில் சேர்வதற்குச் சேர்க்கை நிகழ்வு என்று உங்கள் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த வடிவத்தில் இருந்தால் பையர் நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் உங்கள் தரவு பயன்படும்.

டேனரிகளிடம் என்ன கேட்பது? அறுபது கேள்விப் படிவத்தை அனுப்பாதீர்கள். அறுபதுக்கும் தோராயமாக எதையாவது நிரப்பித்தான் வரும். மாதம் ஒரு பக்கம் போதும்: எடுத்த சரக்கு எத்தனை கிலோ, அது எந்த நிலையில் இருந்தது, கொடுத்த தோல் எத்தனை சதுர அடி, எத்தனை கிலோ, மின்சாரம், டீசல், விறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிய தண்ணீர் எத்தனை கன மீட்டர், முக்கியமான ரசாயனங்கள் ஐந்து. இதில் 'எந்த நிலையில்' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். வெட் ப்ளூ (குரோமில் பதனிட்டு ஈரமாக இருக்கும் தோல்) வாங்கி ஃபினிஷிங் மட்டும் செய்யும் டேனரியின் தண்ணீர் கணக்கு மிகக் குறைவாகத்தான் தெரியும். ஊறவைத்தல், சுண்ணாம்பு, குரோம் எல்லாம் வேறு ஊரில் நடந்து முடிந்திருக்கும். அந்தக் கணக்கை விட்டுவிட்டு, பச்சைத் தோலிலிருந்து செய்யும் டேனரியைவிட இது பசுமையானது என்று தேர்ந்தெடுத்தால் பெரிய அநியாயம். சரிபார்க்க ஒரு விகிதம் இருக்கிறது. உப்பிட்ட தோல் 1,000 கிலோவில் முடிந்த தோலாக வருவது பொதுவாக 200 முதல் 250 கிலோ. 400 கிலோ என்று ஒருவர் எழுதினால் அவர் தொடங்கியது வெட் ப்ளூவில், அல்லது அலகு மாறியிருக்கிறது. ஒரு சதுர அடி என்பது 9.29 சதுர டெசிமீட்டர். ஐரோப்பிய ஆவணங்களில் இரண்டும் கலந்து வரும், ஒன்பது மடங்கு பிழைகளுக்கு இதுவே காரணம்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் சுற்றுச்சூழல் என்ற சொல்லுக்கு முதல் பொருள் பாலாறும் அதன் இரு கரைக் கிணறுகளும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது இந்த டேனரிக் கழிவு நீரை வைத்துத்தான். கழிவு நீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிப்பதற்கு விலை உண்டு. எதிர்ச்சவ்வூடு பரவலுக்குப் (ஆர்ஓ) பிறகு மிஞ்சும் உப்பு நீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்ய மின்சாரமும் நீராவியும் வேண்டும், அதனால் கார்பன் கூடும். கார்பன் என்ற ஒரே எண்ணை வைத்து டேனரிகளை வரிசைப்படுத்தினால், தண்ணீரை ஒழுங்காகச் சுத்திகரிப்பவர் பின்னுக்குப் போவார். எனவே உங்கள் பேரேட்டில் கார்பனுக்கு ஒரு பத்தி, தண்ணீருக்கும் உப்புக்கும் தனிப் பத்தி. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்காதீர்கள், பையர் கேட்டாலும். இரண்டுக்கும் சேர்த்து நன்மை தரும் வேலையும் இருக்கிறது: ஊறவைக்குமுன் தோலை உதறி உப்பைத் தட்டி எடுப்பது. தண்ணீரில் கரையாத ஒவ்வொரு கிலோ உப்பும் பிறகு கொதிகலனில் வற்ற வைக்க வேண்டாத உப்பு. அந்த உப்பை எடைபோட்டுப் பதிந்து வரும் டேனரிக்கு ஆர்டரில் முன்னுரிமை கொடுங்கள். தண்ணீர்ச் செலவையும் குரோம் கழிவையும் குறைக்கும் பதனிடும் முறைகளை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தந்திருக்கிறது. டேனரி அவற்றுக்கு மாறும்போது, மாறிய தேதியைப் பதிந்தால்தான் பலன் கணக்கில் தெரியும்.

உங்கள் கம்பெனிக்குள் குறைக்க வேண்டியதில் பெரியது கட்டிங் வேஸ்ட். ஆண்டுக்கு 4 லட்சம் சதுர அடி வெட்டுகிறீர்கள். அடுக்குவதைச் சரிசெய்து நூற்றுக்கு இரண்டு மிச்சமானால் 8,000 சதுர அடி. ஐந்தடித் தோலாக எண்ணினால் 1,600 ஆட்டுத் தோல் உப்புப் போடப்படாமல், ஊறாமல், பதனிடப்படாமல் தப்பிக்கிறது. எனவே லாட் வாரியாக, கட்டர் வாரியாக அல்ல, வேஸ்ட் சதவீதத்தைப் பதியுங்கள். கட்டர் வாரியாகப் போட்டால் பயத்தில் எண் மாறும். தோலின் தரமே வேஸ்ட்டைத் தீர்மானிக்கும்போது அது அவருக்கு நியாயமும் இல்லை.

மின்சாரத்துக்கு 40 சென்சார் தேவையில்லை. ஆறு மீட்டர் போதும்: மெயின், கம்ப்ரெஸர், லாஸ்டிங் லைனின் ஹீட்டர்கள், சோல் பிரஸ், காற்றோட்டமும் ஏசியும், ஜெனரேட்டர். ஆர்எஸ்-485 என்ற தரவுக் கம்பியில் பேசும் மூன்று ஃபேஸ் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்தான். அதைவிடப் பொருத்துபவரின் கவனம் முக்கியம். சிடி (மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் கருவி) விகிதம் 200/5 ஆக இருக்க மீட்டரில் 100/5 என்று அமைத்தால் சரிபாதிதான் காட்டும். மூன்று சிடியில் ஒன்று திசைமாறி மாட்டப்பட்டிருந்தால், சீரான சுமையில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். திரையைப் பார்த்து "மின்சாரம் மிச்சம்" என்று மகிழ்ந்துவிடுவோம். முதல் மாதம் மெயின் மீட்டரின் கூட்டலை மின்வாரிய பில்லோடு வைத்துப் பாருங்கள், நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேலே போக வேண்டாம். டேனரிக்காரர்கள் மீட்டர் வைத்தால் சுண்ணாம்புக் கூடத்தை விட்டுத் தள்ளி, மூடிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே எழும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பு இணைப்புகளைக் கறுக்க வைத்துச் சில மாதங்களில் தின்றுவிடும்.

கம்ப்ரெஸருக்கு ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லை. ஞாயிறு அன்று எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரெஸரை மட்டும் ஓட விடுங்கள். காற்றை ஏற்றும் நேரம், சும்மா இருக்கும் நேரம் இரண்டையும் பத்து சுற்றுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றும் நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது ஒழுகும் பங்கு. ஒரு சுற்றில் 30 நொடி ஏற்றி 90 நொடி ஓய்ந்தால் கம்ப்ரெஸரின் திறனில் நூற்றுக்கு 25 குழாயில் ஒழுகுகிறது. சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு இணைப்பு இணைப்பாகப் போங்கள்.

கணக்குக்கான எண்கள்: மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் வெளியீட்டில் 2023–24க்கு யூனிட்டுக்கு 0.727 கிலோ. டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ. ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று மூன்றரை யூனிட் தருவதால், அதன் யூனிட் வாரிய மின்சாரத்தைவிட அழுக்கானது. விறகின் கார்பனைத் தனி வரியில் காட்ட வேண்டும். இந்தக் காரணிகளை மென்பொருளுக்குள் புதைக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்த எண் என்று தனி அட்டவணையில் வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் எண் மாறும். பழைய கணக்கைப் பழைய எண்ணிலேயே திரும்பக் காட்ட முடியாவிட்டால் ஆடிட்டர் ஏற்கமாட்டார்.

கிளவுட் எவ்வளவு பெரிதாக வேண்டும்? மீட்டரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் நாளுக்கு 96 வரி, ஆறு மீட்டருக்கு ஆண்டுக்கு 2,10,240 வரி. ஒரு சிறிய தரவுத்தளத்தின் மூலையில் அடங்கிவிடும். நொடிக்கொரு முறை படித்தால் அதுவே ஆண்டுக்கு ஏறத்தாழ 19 கோடி வரி. அதைச் சேமிக்கவும் தேடவும் காசும் மின்சாரமும் வீண், கம்பெனிக்குப் பயன் எதுவும் இல்லை. எப்போதும் ஓடும் பெரிய சர்வருக்குப் பதில், தரவு வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் சேவைகளைக் கேளுங்கள். உங்கள் அளவுக்கு மாதச் செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்க வேண்டும். மும்பை, ஹைதராபாத், சென்னை, புனே என்று இந்திய மையங்கள் பெரிய நிறுவனங்களுக்கு உண்டு. அந்தச் சேவைகளின் கார்பன் கணக்கை அவர்களே கணக்குப் பக்கத்தில் காட்டுகிறார்கள், அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சிறிய வரிதான்.

கோளாறு வரும் இடங்கள் வேறு. சர்வர்கள் கிரீன்விச் நேரத்தில் ஓடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். இதை மாற்றி எழுதாவிட்டால் நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரையிலான இரவு ஷிப்ட் முந்தைய நாள் கணக்கில் விழும், ஒன்றாம் தேதி என்றால் முந்தைய மாதத்தில். மின்வெட்டில் இணையம் போனால், மீட்டர்களின் தரவைத் திரட்டும் பெட்டி ஏழு நாள் தரவைத் தன்னிடமே வைத்திருந்து, நிகழ்ந்த நேரத்தோடு பிறகு அனுப்ப வேண்டும். திரும்ப அனுப்பும்போது ஒரே நிகழ்வு இருமுறை பதியாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் வேண்டும். யாரும் எதையும் அழிக்க முடியக் கூடாது. தவறு என்றால் திருத்தப் பதிவு ஒன்றை மேலே சேர்க்க வேண்டும். நகல் எடுப்பதோடு நிற்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து திரும்ப எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

கிராமத்துத் தையலுக்குப் புதிய செயலியைத் திணிக்க வேண்டாம். ஜாப் ஒர்க்குக்கு ஏற்கெனவே டெலிவரி சலான் போடுகிறீர்கள், அந்த எண்ணே பண்டலின் இணைப்பு. வண்டி ஓட்டுபவர் கொடுக்கும்போது ஒரு ஸ்கேன், எடுக்கும்போது ஒரு ஸ்கேன். தைக்கும் பெண்கள் போனைத் தொடவே தேவையில்லை. அவர்கள் எத்தனை மணிக்குத் தைத்தார்கள் என்பது கார்பன் கணக்குக்கு வேண்டாத தகவல், சேகரிக்காதீர்கள். வண்டி போன தூரத்துக்கு இ-வே பில்லில் இருக்கும் தூரமும் வண்டி எண்ணும் போதும். பில் போடாத சிறு பயணங்களுக்கு ஓடோமீட்டர் படம். அரை வண்டி ஏற்றிக்கொண்டு தினமும் ஐந்து ஊருக்குப் போவதை, ஊர் விட்டு ஊர் நிறை வண்டியாக்கினால் டீசல் உடனே குறையும். ஆனால் தையல் வீட்டில் ஒரு நாள் வேலை கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்குக் கூலி போகும்.

ஆறு மாதத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் மாதம் கொக்கி, டேக், ஒரே ஒரு மாடல், எல்லாம் எக்செல்லில். இரண்டாம் மாதம் அதே மாடலுக்கு ஒரு டேனரியின் ஒரு பக்கக் கணக்கும் ஆறு மீட்டரும். மூன்றிலும் நான்கிலும் கிளவுட் அமைப்பு, எக்செல்லும் அதுவும் ஒரே எண்ணைக் காட்டும் வரை இரண்டும் இணையாக ஓடட்டும். ஐந்தில் மற்ற மூன்று டேனரிகள். ஆறாம் மாதம் ஒரு கார்ட்டனைக் கண்ணை மூடி எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் தோல் லாட் வரை பின்னோக்கிப் போக முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு தோல் லாட்டை எடுத்து, அது போன எல்லாக் கார்ட்டனையும் முன்னோக்கித் தேடுங்கள். குரோமியம் சோதனையில் ஒரு லாட் தோற்றால் தேவைப்படுவது இந்த இரண்டாவது தேடல்தான்.

இவ்வளவும் கையில் இருக்கும்போது அந்த நிறுவனத்தை அழைத்துப் பேசுங்கள். தையல் மெஷின் சென்சாரும் பிளாக்செயினும் நீங்கினால் விலை பெருமளவு இறங்கும். ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கிளவுட் கணக்கு உங்கள் கம்பெனியின் பெயரில் இருக்கும், அவர்கள் உள்ளே வந்து வேலை செய்வார்கள். முழுத் தரவையும் எந்த நாளிலும் நீங்களே திறந்த வடிவத்தில் இறக்கிக்கொள்ள முடியும். ஒப்பந்தம் முடிந்தால் 30 நாளில் அவர்களிடம் உள்ள நகல்கள் அழிக்கப்பட்டு, அழித்ததாக எழுத்தில் தரப்படும். முதல் வரிக்கு மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

டேனரிப் பெயர் பற்றிய தயக்கம் நியாயமானதே. பையருக்குப் போகும் கோப்பில் ஒவ்வொரு டேனரிக்கும் ஒரு குறியீடு மட்டும் போகட்டும், எந்தக் குறியீடு யார் என்ற அட்டவணை தனி அனுமதியோடு உங்களிடம் இருக்கட்டும். விலை எந்தக் கோப்பிலும் வேண்டாம். ஒவ்வொரு டேனரியும் தன் லாட்டை மட்டும் பார்க்கலாம், அடுத்தவருடையதைப் பார்க்க முடியாது. ரகசிய ஒப்பந்தம் போட்ட ஆடிட்டர் உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்துச் சரிபார்த்துப் போகலாம். இந்த ஏற்பாட்டை டேனரிக்காரர்களிடம் முதல் படிவம் அனுப்புமுன்னே, முடிந்தால் நேரில் போய், சொல்லிவிடுங்கள். அவர்களுடைய கணக்கை அவர்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்டமாட்டோம் என்று கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் கையில் இருந்தால் இரண்டாம் மாதத்துக்கான எண்கள் ஒழுங்காக வரும்.